அசையாமல் நின்றவள்

போன மாதம் அஸ்தம்பட்டியில் கண் டாக்டரிடம் போயிருந்தேன். கண்ணில் விட்ட சொட்டு மருந்து தொண்டைக்குள் இறங்கியதும் எனக்கென்னவோ ஜவ்வரிசி செய்கிற கிழங்கு மில்லின் புளித்த வாடை ஞாபகம் வந்தது. ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ளும் நாற்றம் அது. ஜவ்வரிசிப் பாயசம் குடிக்கும்போது மட்டும் யாருக்கும் நாறாது.

அந்த டாக்டருக்குக் கறுப்பு வெள்ளைப் படம் சேர்க்கிற கிறுக்கு. மூடிப்போன ஸ்டூடியோ, பழைய பேப்பர் கடை என்று அலைந்து வாங்கிச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார். எல்லாம் வேலை செய்கிற சனங்கள். ஒன்றின் முன்னால் என் கால் நின்றுவிட்டது. கண்ணில் புரை இருந்தாலும் நான் வேலை பார்த்த மில் களம் எனக்குத் தெரியாதா?

அந்தக் காலத்தில் கிழங்கு உரிக்கிறவர்களைப் படம் பிடிக்க ஒருவர் வருகிறார் என்று மேஸ்திரி சொன்னதும், அழுக்குச் சேலையிலா நிற்பது என்று எல்லோரையும் கல்யாணச் சேலை கட்ட வைத்தவள் நான். எனக்குத் தலை கொள்ளாத கனகாம்பரம் வேறு. வந்தவர் நொந்துபோனார். "ஏனுங்கம்மா, வேலை செய்யறாப்பல இருங்கன்னா, பொண்ணு பாக்க வந்தாப்பல நிக்கறீங்களே?"

அந்நேரம் பார்த்து மழை. களம் முழுக்க ஜவ்வரிசி காய்கிறது. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை. போட்டோவுக்கு அசையக்கூடாது என்று என் கல்யாணத்தில் ஸ்டூடியோக்காரர் சொன்னாரே, நான் உருப்படியாகப் படித்த பாடம் அது ஒன்றுதான். கூட்டாளி ராசாத்தி தார்ப்பாயை இழுத்துக்கொண்டே கத்தினாள்: "ஏம் புள்ள, கோயில் தூணாட்டம் நிக்கறே? ஓடியா, எல்லாம் நனையுது!" நான் மோவாயை இன்னும் கொஞ்சம் தூக்கினேன். அப்போதுதான் அவர் படம் எடுத்தார்.

மறு வருசம் பிரசவத்தில் ராசாத்தி போய்விட்டாள். அவளுக்கு வேறு படம் கிடையாது. முகம் எனக்கே மறந்துகொண்டு வந்தது. கண் ஆப்பரேசனே வேண்டாம் என்று முரண்டு பிடித்த நான், அந்த முகத்துக்காகத்தான் சரியென்றேன்.

"கண்ணு நல்லானா அவ மூஞ்சி தெரியுமுங்களா?"

"கண்ணு நல்லாத் தெரியுமுங்கம்மா" என்றார் டாக்டர்.

நேற்றுக் கட்டைப் பிரித்ததும் நேராக அந்தச் சுவருக்குத்தான் போனேன். என் மூக்குத்தி, தூக்கிய மோவாய், கனகாம்பரத்தில் ஒவ்வொரு பூவும் பளிச்சென்று தெரிந்தன. ஓடினவர்களில் ஒருத்திக்கும் முகமில்லை. ராசாத்தி இருந்த இடத்தில் கலைந்த புகை மாதிரி ஒன்று. அதில் திறந்த வாய் மட்டும்.

"ஓடுனாப் படம் அப்படித்தானுங்கம்மா உழுகும்" என்றார் டாக்டர். "நிக்கறது நீங்கதானுங்களா? மில்லு மொதலாளியம்மான்னே நெனச்சிருந்தேனுங்க. அது யாரு, என்ன கத்தறாங்க?"

"என்னையத்தானுங்க. ஓடியாங்கறா."

இப்போது ஓடலாம்தான். ஆனால் களம் இருந்த இடத்தில் கல்யாண மண்டபத்துக் கார்கள் நிற்கின்றன.