என் நிரையில் ஒரு சிவப்புத் துணி

ஏழு வயதில் எனக்கு இரத்தப் புற்றுநோய். கொழும்புக்குக் கொண்டுபோய், ஊசி ஊசியாய்க் குத்தி, தலைக்குக் கதிர்வீச்சுக் கரண்டு பிடித்து அனுப்பினார்கள். கொட்டிய முடி சுருள் சுருளாய் முளைத்தது. பிழைத்து வந்தவளைப் பார்க்க மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமே எங்கள் லயத்து வாசலில் கூடியது. எனக்கு ஒரே குஷி! என் மூளை மட்டும் கொஞ்சம் பிந்தித்தான் ஊர் வந்து சேர்ந்தது.

கணக்குப் பாடத்தில் கேட்ட கேள்விக்குச் சமய பாடத்தில் எழுந்து பதில் சொல்வேன். சரியான பதில்தான்! வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன், எதற்கென்று பிறகுதான் விளங்கும். "மந்தம்" என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு பதுளைக்கு ஓடினாள்.

"புத்தி கொறைவு இல்லம்மா," என்றார் அங்கிருந்த டாக்டர். "தலைக்குப் புடிச்ச கரண்டோட வேல இது. மெதுவாத்தான் வெளங்கும், சிலது மறந்துபோகும். இனி இப்படித்தான்."

"உசுரு இருக்குல்ல, போதுங்க," என்றாள் அம்மா. வரும் வழியில் எனக்கு வடை வாங்கிக் கொடுத்தாள்.

போதும் என்றவளுக்கே, எனக்குப் பதினெட்டு ஆனபோது கலக்கம் வந்தது. அப்பா இல்லை. அம்மாவுக்கு வேலையிலிருந்து நிற்கும் வயது. வீட்டில் ஒருவர் பேராவது தோட்டத்தில் பதிந்திருந்தால்தான் லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை வீடு, எங்களுக்கு நிலைக்கும். "இந்த மாசம் இவ வேலையப் பாப்போம். சரிப்பட்டா பேர் பதியலாம்," என்றார் கங்காணி.

கொழுந்து கிள்ளுவது என் கைக்கு நன்றாகவே வந்தது. நிரைதான் என் கழுத்தை அறுத்தது. ஒவ்வொருத்திக்கும் தேயிலையில் ஒரு வரிசை. கொழுந்து நிறுக்கப் போய்த் திரும்பினால் அதே வரிசையில் ஏற வேண்டும். எனக்கோ எல்லா வரிசையும் ஒன்றுதான். எவள் நிரையிலாவது புகுந்து மும்முரமாய்க் கிள்ளுவேன். "அடியே, என் கொழுந்த ஏன்டி கிள்ளுற?" என்று மலையே கத்தும். கங்காணியின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது.

பக்கத்து நிரை அக்காதான் வழி கண்டுபிடித்தாள். பழைய சேலையில் சிவப்பாய் ஒரு துண்டு கிழித்து, என் நிரையின் தலைப்பில் குச்சி நட்டுக் கட்டினாள். "செவப்பு எங்கயோ அங்க நீ. வெளங்குச்சா?" விளங்கியது! அன்று நிறுவை முடிந்து ஓடிவந்து நேரே துணியடியில் நின்றேன். ஐயோ, அந்தச் சந்தோஷம்!

கீழே ஜீப்பில் போன தொரை கண்ணிலும் துணி பட்டது. குச்சியில் சிவப்பு! தோட்டமெங்கும் சங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டதென்று மூச்சிரைக்க மலையேறி வந்தார். பின்னால் கங்காணி வியர்த்து வழிந்தார்.

"யாரு கொடி கட்டுனது?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொல்ல வேண்டியதுதான், ஆனால் என் பதில் இன்னும் வழியில் இருந்தது. காம்பரா போயிற்று என்றே நினைத்தேன். ஒருவழியாய்ப் பதில் வந்து சேர்ந்தது: "கொடி இல்லீங்க தொர. எனக்கு மறந்துபோகும். அது என் நிரைங்க."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்தவளுக்குத் தொற்றியது. கூடைகள் குலுங்க மலையே சிரித்தது. தொரையும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்துவிட்டார். "கட்டு, கட்டு. செவப்பு மட்டும் வேணாம்."

மறுநாள் மஞ்சள் துணி. "மஞ்ச கட்டியாச்சு, இனி மாப்பிள்ளதான்!" என்று கிண்டலோ கிண்டல். அதன் பிறகு நான் நிரை தவறவில்லை. மாத முடிவில் கங்காணி பேரைப் பதிந்தார்.

அடுத்த நாள் காலை, வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் முதன்முதலாய் என் பேரைக் கூப்பிட்டார். அம்மா ஓரமாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் பதில் வழக்கம்போல் பிந்தியது. "இருக்கா! இருக்கா!" என்று பெண்களெல்லாம் கத்தினார்கள்.

"அவளே சொல்லட்டும்," என்றார் கங்காணி. பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அடுத்த பேரைக் கூப்பிடவில்லை.

"இருக்கேங்க," என்றேன்.