அணில் போட்ட முடிச்சு

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலமாகியும் தெருவில் அவருக்குக் கண்டக்டர் என்றுதான் பெயர். பேருந்தில் ஆட்களை அதட்டியே பழகிய வாய் சும்மா இருக்குமா? வீட்டுக்குப் பின்னால் பந்தலில் படரவிட்ட புடலங்கொடியைக்கூட, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று விரட்டித்தான் கம்பிமேல் ஏற்றுவார். துவைக்கும் கல்லுக்கும் மதில் சுவருக்கும் நடுவே கிடந்த கையகல மண்ணில் அவர் காய்க்க வைக்காத காய் இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தக்காளி என்றால் அவர் மனைவிக்கு உயிர். உள்ளங்கையில் உப்பை வைத்துக்கொண்டு செடி பக்கத்தில் நின்றபடியே கடிப்பாள். சாறு முழங்கை வரை வழியும்.

"கழுவிட்டாவது தின்னேன்!" என்று இவர் கத்துவார்.

"உங்க மண்ணுதானேங்க, உள்ள போனா போகட்டும்."

கேட்பதற்கு அவருக்குப் பெருமையாக இருக்கும். காட்டிக்கொள்ள மாட்டார்.

பிறகு அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. டயாலிசிஸ், டயாலிசிஸ் என்று மருத்துவமனைக்கு நடையாய் நடந்தார்கள். என்ன சாப்பிடலாம் என்று சொல்வதற்கென்றே அங்கே ஒரு டயட் அம்மா இருந்தார். கீரை கூடாது, தக்காளி கூடவே கூடாது. மற்ற காய்களையும் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். காயில் இருக்கும் பொட்டாசியம் உடம்பில் ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்றார். கண்டக்டர் வீட்டுக்கு வந்த கையோடு தக்காளிச் செடிகளைப் பிடுங்கி எறிந்தார். சுரை, புடலை, முட்டைக்கோஸ் தவிர வேறெதையும் போடவில்லை. அடுப்படியையும் தானே எடுத்துக்கொண்டார்.

பார்த்துப் பார்த்து வளர்த்த காயை வேகவைத்து அதன் ருசியை வடித்துக் கொட்டுவது லேசான காரியமில்லை. அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விட மனசு வராமல், ஆறவைத்துச் செடிகளுக்கே ஊற்றினார்.

"சாறெல்லாம் செடிக்கு, சக்கை எனக்கு. நல்லா இருக்குங்க உங்க நியாயம்" என்பாள் அவள். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டு சொன்னாள். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. பேச்சும் குறைந்தது. தட்டில் வைத்ததைப் பாதியில் தள்ளிவைப்பாள்.

அந்தத் தண்ணீர் விழுந்த இடத்தில், கல்லோரமாக, ஒரு தக்காளி தானாக முளைத்தது. பிடுங்கக் குனிந்தவர் இலையைக் கசக்கி மோந்து பார்த்தார். கை வரவில்லை.

"இருந்துட்டுப் போகட்டும்மா. பழுத்தா பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடலாம்" என்றார்.

"குடுங்க, எனக்கென்ன?" என்றாள்.

பழுத்தது. பழுக்கப் பழுக்கக் காணாமலும் போனது. மாலையில் செங்காயாகப் பார்த்து வைத்தது காலையில் இருக்காது. மதில்மேல் ஓடும் அணில்மேல்தான் அவருக்குச் சந்தேகம். டிக்கெட் எடுக்காமல் ஏறுகிறவர்களை அவர் என்றைக்கு விட்டார்? வலை வாங்கிவந்து செடியை மூடி, அடியில் கயிற்றால் இறுக்கினார். வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான்.

"பாவம்ங்க அணிலு. என்னத்தத் தின்னுடப் போகுது?"

"திருட்டுக்கு வக்காலத்து வாங்காத நீ" என்றார். அவள் சிரித்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு சிரிக்கிறாளே என்று அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்து வந்த நாட்களில் தட்டில் மிச்சம் வைக்காமலும் சாப்பிட்டாள். தன் சமையல் தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார் மனுஷன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எகிறியிருந்தது. டயட் அம்மா அவரைத்தான் பிடித்துக்கொண்டார்.

"அவங்களுக்கு என்னங்க குடுக்கறீங்க? இப்படியே போனா நாங்க பொறுப்பில்ல."

"தண்ணி வடிக்காம ஒரு துண்டு காய் குடுத்ததில்லம்மா! வேணும்னா வந்து பாருங்க எங்க வீட்டுல!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அவர் பொருமிக்கொண்டே வந்தார். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளைப் படுக்கவைத்துவிட்டுச் செடிப் பக்கம் போனார். வலை அப்படியே இருந்தது. உள்ளே பழங்கள்தான் இல்லை. குனிந்து கயிற்றைப் பார்த்தார். அவர் போட்டது பேருந்தின் மேற்கூரையில் மூட்டை கட்டும் முரட்டு முடிச்சு. இப்போது அங்கே இரண்டு காது வைத்த முடிச்சு இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் தினமும் அவளுக்கு மனைவி ரிப்பனில் போட்டுவிட்ட முடிச்சு.

அவருக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. அவள் சிரித்ததும் தட்டைக் காலி செய்ததும் எதனால் என்று இப்போது தெரிந்துவிட்டது. அந்தச் செடி இருந்தால் அவள் சிரிப்பாள். இருந்தால் அவள் இருக்க மாட்டாள். கல்மேல் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். பிறகு வலையோடு சேர்த்துச் செடியை வேரோடு பிடுங்கினார்.

நிமிர்ந்தபோது பின்வாசல் நிலையைப் பிடித்தபடி அவள் நின்றிருந்தாள். அவர் கையில் தொங்கிய செடியையும் அதில் ஒட்டியிருந்த பச்சைக் காய்களையும் பார்த்தாள்.

"அணிலு மாட்டிக்கிச்சாங்க?"

"மாட்டிக்கிச்சு." செடியைக் கல்மேல் வைத்தார். "அது செத்துடக் கூடாதேன்னுதாம்மா புடுங்கினேன்."

அவள் நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மதியம் சுரைக்காயை நறுக்கி, வேகவைத்து, வடித்துத் தட்டில் வைத்தார். சண்டை போடுவாள், தட்டைத் தள்ளுவாள் என்று எதிர்பார்த்தார். போட மாட்டாளா என்று ஏங்கவும் செய்தார். அவள் ஒரு குறையும் சொல்லாமல், மருந்து விழுங்குவதுபோல, கடைசித் துண்டு வரை சாப்பிட்டுக் கை கழுவினாள். வடித்த தண்ணீர் பாத்திரத்தில் எப்போதோ ஆறியிருந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றினார்.