சார்ஜருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிறவர் ஒரு வண்டிக்காரரின் முகத்தை மூன்று நிமிஷம் பார்த்தால் போதும். சார்ஜர் பக்கத்தில் வேலை செய்கிறவர் முக்கால் மணி நேரம் பார்க்க வேண்டும். மின்சாரக் கார் வைத்திருக்கும் உங்களுக்கு இது புரியும். நீங்களும் எங்கேயாவது என்னைப் போன்ற ஒருத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள்.

பல்லடத்திலிருந்து உடுமலை போகும் ரோட்டில், நாச்சிமுத்து அண்ணன் ஓட்டல் வாசலில் இருக்கிறது எங்கள் மிஷின். இங்கே வேலைக்கு வருவதற்கு முன் பத்தொன்பது வருஷம் நான் பனியன் கம்பெனியில் செக்கிங். மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு பீஸாகப் புரட்டி ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்கிற வேலை. உட்கார இடம் கிடையாது. நாற்பத்தாறு வயதில் இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு புடைத்துச் சுருண்டுகொண்டது. இனிமேல் உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருப்பூர்ப் பக்கம் உட்கார்ந்து செய்கிற வேலை இரண்டுதான். ஒன்று டெய்லர், அதற்கும் கால் வேண்டும். இன்னொன்று முதலாளி.

அப்போதுதான் இது வந்தது. மிஷினும் கூரையும் சார்ஜர் கம்பெனியுடையது. இடமும் ஆளும் ஓட்டலுடையது. அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். சார்ஜ் போட வருகிறவர்கள் உள்ளே வந்து சாப்பிட வேண்டும். தை மாசம் வரை பார்ப்பார். சாப்பிடவில்லை என்றால் மிஷினை எடுக்கச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் பரோட்டாக் கல் போட்டுவிடுவார். பரோட்டாக் கல் வந்தால் என் நாற்காலி போகும். நான் மறுபடி செக்கிங் மேஜைக்குப் போக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூரை

அந்த வாசலில் நிழல் என்று இருப்பது சார்ஜர் மேல் போட்ட கூரை மட்டும்தான். அதனால் முதல் மாசம் அங்கே அதிகம் நின்றவை டீசல் கார்கள். ஒருநாள் மதியம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜர் வண்டியைக் கூரைக்குள் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். போன கையோடு ஒரு மின்சாரக் கார் உடுமலையிலிருந்து பேட்டரியில் ஆறு பர்சன்ட்டோடு வந்து வெயிலில் நின்றது. உள்ளே புருஷன், பெண்டாட்டி, மடியில் ஒரு குழந்தை.

நான் ஹாலுக்குப் போய் மேனேஜரிடம் பணிவாகச் சொன்னேன். அவர் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். இலையிலிருந்து ஆளை எழுப்பும் பழக்கம் எங்கள் பக்கம் இல்லை. மோர் வரை காத்திருந்தேன். அவர் மோரையும் முடித்து, பீடாவும் போட்டுக்கொண்டு வந்தார். சாவியைத் திருகும்போது என்னிடம் சொன்னார்: "நெழல்ல நிறுத்தாட்டி ஸ்டீரிங்கே தொட முடியறதில்லீங்க. உங்க மிஷினுக்கு என்னங்க, அது வெயில்லயும் வேலை செய்யுமில்ல?"

காவல்

மின்சாரக் கார்கள் வர ஆரம்பித்தன. ஆனால் யாரும் உள்ளே போகவில்லை. காரில் மாட்டும் கைப்பிடிக்கு கன் என்று பெயர். அதை மாட்டிவிட்டு எல்லோரும் திரைக்கு முன்னால் நின்றுகொள்வார்கள். அடுப்பில் பாலை வைத்தவர்கள் மாதிரி, கண்ணை எடுக்க மாட்டார்கள். முப்பத்தொன்று முப்பத்திரண்டு ஆனால் ஒரு மூச்சு விடுவார்கள். கல்லாவிலிருந்து அண்ணன் எட்டிப் பார்ப்பார். முதலில் அவர்களைப் பார்ப்பார், பிறகு என் நாற்காலியைப் பார்ப்பார்.

குண்டடத்துக்காரர் ஒருவர், கோழிப்பண்ணை வைத்திருப்பவர், நாற்பது நிமிஷமும் அப்படியே நின்றார். மணி ஒன்றரை. தோசை முறுகுகிற வாசனை வாசல் வரை வந்தது. உள்ளே போய் ஒரு வாய் சாப்பிடுங்கள் அண்ணா என்று மூன்று தடவை சொன்னேன். போன வாரம் வேறொரு ஊரில் மிஷினை நம்பிச் சாப்பிடப் போனாராம். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் சார்ஜ் பதினொரு பர்சன்ட்டிலேயே நின்று போயிருந்ததாம். திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னார்: "பசி இருக்குதுங்க. நான் அக்கட்ட போனா இது நின்னுக்குமுங்க."

நீங்க போடுங்க

எங்கள் மிஷினுக்கு இருப்பது ஒரே ஒரு கன். ஒருநாள் காலையில் இரண்டு கார்கள் ஒரே நேரத்தில் திரும்பின. ஒருவர் தேங்காய் வியாபாரி, மனைவியோடு கோயமுத்தூருக்குப் போகிறார். இன்னொருவர் தறிக்காரர், எதிர்த் திசையில் உடுமலைக்குப் போகிறார். சண்டை வரும் என்று நினைத்து எழுந்து நின்றேன். அதைவிட மோசமானது வந்தது. நீங்க போடுங்க என்றார் இவர். இல்லீங்க, ஊட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க, நீங்க போடுங்க என்றார் அவர். நமக்கென்னங்க அவசரம் என்றார் இவர். எனக்கு மட்டும் என்னங்க என்றார் அவர். கன்னைக் கையில் வைத்துக்கொண்டு நான் நடுவில் நின்றேன். இப்படியே பதினேழு நிமிஷம் போனது. யாராவது ஒருவர் கொஞ்சம் மரியாதை இல்லாமல் நடந்துகொள்ள மாட்டாரா என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இருவர் முகத்திலும் ஒரு நிம்மதி. காவல் காக்க ஒன்றும் இல்லை என்று ஆனதும் மூன்று பேரும் உள்ளே போய் ஒரே மேஜையில் உட்கார்ந்து இட்லி, பொங்கல், வடை, இரண்டு தடவை காப்பி சாப்பிட்டார்கள். சார்ஜ் போட வந்து சாப்பிட்ட முதல் ஆட்கள் அவர்கள்தான், அதுவும் சார்ஜ் ஏறாதபோது. வெளியே வந்த தறிக்காரர் என்னிடம் சொன்னார்: "கரண்ட் போனதும் நல்லதாப் போச்சுங்க அம்மிணி. இல்லீன்னா அவரு மனசு நோகாம நான் எப்பிடிங்க மொதல்ல போட்டிருப்பேன்?"

எண்பதுங்க

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. இவர்களுக்குப் பசி இல்லாமல் இல்லை. தங்களுக்குப் பதிலாக யாராவது அந்த மிஷினைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே இருப்பது என் பத்தொன்பது வருஷத் தொழில். முதலில் அகப்பட்டவர் காதர் பாய். கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய துணியை வாங்கி விற்கிறவர், வாரம் ஒருமுறை வருவார். நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள் பாய், பத்து பர்சன்ட் ஏறும்போதெல்லாம் நானே வந்து சொல்கிறேன் என்றேன். சந்தேகத்தோடுதான் போனார். நாற்பது ஆனதும் ஹால் வாசலில் நின்று "காதர் பாய், நாப்பதுங்க" என்றேன். ஐம்பதுக்கு ஒன்று, அறுபதுக்கு ஒன்று. நடுவில் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன்.

எண்பதுக்கு அவர் இரண்டாவது தோசையில் இருந்தார். போனிலேயே எல்லாம் வருமே பாய் என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டதற்கு, எனக்குக் கேட்கும்படியே பதில் சொன்னார்: "வருதுங்க. ஆனா போன் சொன்னா எந்திரிச்சுப் போயிப் பாக்கச் சொல்லுது. அக்கா சொன்னா தோசை எறங்குது."

தை மாசம்

அதன் பிறகு எல்லோரும் உள்ளே போனார்கள். குண்டடத்துக் கோழிப்பண்ணைக்காரர்கூட அடுத்த தடவை பிரியாணி சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலில் இடம் இருக்காது. என் குரல் கேட்டால் சார்ஜ் போட வராதவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். சும்மா சாப்பிட வந்த ஒரு குடும்பம், எங்கள் பைக் எத்தனை பர்சன்ட் அக்கா என்று கேலி செய்தது. எனக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலில் வீக்கம் வற்றியிருந்தது. ராத்திரி தலையணை வைத்துக் காலைத் தூக்கிப் போட வேண்டிய அவசியம் இல்லாமல் தூங்கினேன்.

தை பிறந்த நாலாம் நாள், மதியக் கூட்டம் ஓய்ந்ததும் அண்ணன் கல்லாவுக்குக் கூப்பிட்டார். என்ன சொல்ல வேண்டும் என்று நான் நாலைந்து நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை. பரோட்டாக் கல் வேண்டாம், மிஷின் இருக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். கும்பிடக் கையைத் தூக்கினேன். அவர் இன்னும் பேசி முடித்திருக்கவில்லை. "ஏவாரம் நடக்கறதே நீ வந்து சொல்றதுலதான் அம்மிணி. பர்சன்ட்டு உம் போன்லயே தெரியுமாமா, நாளையிலிருந்து ஹாலுக்கு நடுவால நின்னுக்கிட்டே சொல்லீரு. அந்தச் சேரையும் எடுத்து உள்ள போட்டுக்கலாம், சாப்படற சனத்துக்கு எடம் பத்தறதில்ல."

ஆக, இதை நின்றுகொண்டே நினைத்து நின்றுகொண்டே எழுதிய என் கணக்குப்படி, இந்தத் தொழிலில் முக்கால் மணி நேரம் ஓய்வு கிடைப்பது காருக்கு மட்டும்தான்.