கழுத்தருகே ஒரு டிக் டிக்

கடையைத் திறந்ததும் சலூன்காரர் கை முதலில் போவது ரேடியோவுக்குத்தான். சத்தத்தை முழுக்கக் கூட்டிவிட்டுத்தான் சீப்பையே தொடுவார். பாட்டுப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் இதயத்தில் பொருத்திய ஓர் உலோக வால்வு டிக் டிக் என்கிறது. சவரம் செய்யக் குனிந்தால் வாடிக்கையாளர் காதில் விழும். அதை மறைக்கத்தான் இத்தனை கச்சேரி.

முன்பு இருமலும் மூச்சிரைப்பும் வந்தபோது மனிதர் பழி போட்டது பவுடர் மேல். "எல்லாம் இந்தப் பவுடர் பண்ற வேலை" என்று கம்பெனியை மாற்றினார்; பிறகு வாசனையே இல்லாத பவுடராகப் பார்த்து வாங்கினார். படுத்தால் மூச்சு முட்டியது. கடை நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கினார். கடைசியில் மனைவிதான் தரதரவென்று டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட டாக்டர், "சின்ன வயசுல தொண்டை வலி, காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்குச்சா?" என்றார்.

"ஆமா சார். முட்டி வத்தினா முழங்கை வீங்கும். வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான்னு விட்டுட்டாங்க."

மூட்டை விட்டுப் போன காய்ச்சல் இதயத்தைப் பதம் பார்த்திருந்தது. ஸ்கேனில் பார்த்தால், வால்வு தடித்துச் சுருங்கிக் கிடந்தது.

வால்வை மாற்றும் ஆபரேஷன் முடிந்து ஆள் எழுந்து நின்றுவிட்டார்! ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, தவறாமல் ரத்தப் பரிசோதனை. கீறினால் ரத்தம் லேசில் நிற்காது என்பதால் தன் முகத்தில் மட்டும் கத்தி வைக்கக்கூடாது. ஊருக்கே சவரம் செய்பவருக்கு இப்போது மனைவி மெஷினில் தாடி எடுக்கிறாள். "ஆடாதீங்க! வாயை மூடுங்க!" என்று அதட்டல் வேறு.

வாடிக்கையாளர்கள்தான் நழுவினார்கள். பயத்தைக் கிளப்பிவிட்டவர் எதிர்க்கடை சைக்கிள் மெக்கானிக். "கத்தி கழுத்துல இருக்கறப்ப உள்ள இருக்கறது நின்னுபோச்சுன்னா?"

அது சலூன்காரர் காதுக்கும் வந்தது. "கத்தியைப் பிடிக்க முடியலைன்னா நான் எதுக்குப் பொழைச்சேன்?" என்று மனைவியிடம் குமுறினார்.

நேற்று மறுபடி ஸ்கேன். "வால்வு ஜம்முனு வேலை செய்யுது. டிக் டிக்னு கேட்டா சந்தோஷப்படுங்க. சத்தம் மங்கினாத்தான் ஓடி வரணும்" என்றார் டாக்டர். வீடு வரும்வரை மனிதர் நெஞ்சையே கேட்டுக்கொண்டு வந்தார்.

இன்று காலை, தாடையில் பிளாஸ்திரியோடு மெக்கானிக்கே வந்து நின்றார். வேறு கடைச் சவரத்தின் உபயம். "உன் கை மாதிரி வராதுப்பா" என்று அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்தார். இவர் துண்டைப் போர்த்தினார். நுரை தடவினார், புது பிளேடு மாட்டினார். மெக்கானிக் கழுத்தை நீட்டிக் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

கத்தியை வைப்பதற்கு முன், இவர் எட்டி ரேடியோவை அணைத்தார்.