முட்டை தராத இரண்டு வருஷம்

ஐயாயிரம் கோழி இருக்கிற பண்ணையில் ஒரு பிள்ளை இரண்டு வருஷம் முட்டைக்கு ஏங்கியது என்றால் நம்புவீர்களா? நாமக்கல் பக்கம், எங்கள் பக்கத்துப் பண்ணை தனப்பிரியா வீட்டில்தான் நடந்தது.

அவள் மகள் கனிஷ்காவுக்கு ஆறு வயதில் முழங்காலுக்குக் கீழே தோல் கெட்டியானது. தடவினால் ஓட்டுச்சில் மாதிரி நெருடும். எக்ஸ்ரே எடுத்தவர்கள், தோலுக்குள் எலும்பு வளர்கிறது, அபூர்வமான நோய், சேலத்துக்குப் போங்கள் என்றார்கள். தனப்பிரியா போகவில்லை. பண்ணைக்காரிக்குத் தெரியாததா? கோழி ஓடில்லாத முட்டை இட்டால் தீவனத்தில் கிளிஞ்சல் தூளைக் கூட்டுவோம், ஓடு கெட்டியாகிவிடும். அப்படியானால் பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்தைக் குறைத்தால் போயிற்று! பால், முட்டை, ராகிக்களி எல்லாவற்றையும் நிறுத்தினாள். சத்துணவு முட்டையும் கொடுக்கக் கூடாது என்று டீச்சரிடம் சொல்லிவைத்தாள். தானும் தொடவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

முட்டை அடுக்கும் இடத்தையே சுற்றிவருவாள் கனிஷ்கா.

"ஒண்ணே ஒண்ணும்மா."

"எலும்பு மொளைச்சுக்கும் சாமி, வேண்டாம்."

விரட்டிவிட்டுக் கொட்டகைக்குள் போய் அழுவாள் தனப்பிரியா. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

போன மாதம் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்து புண்ணானது. அப்போதுதான் மூவருமாகச் சேலம் அஸ்தம்பட்டிக்கு ஓடினோம். தோல் டாக்டரம்மா அந்தத் துண்டை அறுத்து எடுத்தார்.

"இது பிறவியிலேயே இருக்கிற கோளாறு. மறுபடியும் வரலாம், விடாம கூட்டிட்டு வந்து காட்டுங்க" என்றவர், பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தார். "ஏன் இப்படி மெலிஞ்சு போயிருக்கா?"

"சுண்ணாம்புச் சத்தைக் குறைச்சா கரைஞ்சு போயிரும்னு நெனச்சனுங்க..."

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"சாப்பாட்டால வந்ததில்லம்மா இது. பாலும் முட்டையும் தாராளமா குடுங்க."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஒரு முட்டையை வேகவைத்து, உரித்து, மிளகும் உப்பும் தூவி நீட்டினாள் தனப்பிரியா. மகள் ஏங்கியதைவிட, இந்த ஒரு வாய் ஊட்டுவதற்கு அவள்தான் அதிகம் ஏங்கியிருந்தாள்.

கனிஷ்கா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"தின்னு சாமி, ஒண்ணும் ஆகாது."

"வேண்டாம்மா. அன்னைக்கு உனக்குத் தெரியாம ஒண்ணு தின்னுட்டேன். அதனாலதான எலும்பு வெளிய வந்துருச்சு?"

தனப்பிரியா தினமும் ஒரு முட்டை வேகவைக்கிறாள். பிள்ளை இன்னும் வாயைத் திறக்கவில்லை.