நூலைத் தொட்ட தண்ணீர்

கோவிந்தராஜ் ஆம்பூரில் நின்று ஊதினால் வாணியம்பாடியில் விளக்கு அணையும். அதற்கும் அப்பால் நாட்றம்பள்ளியில் பனைமரம் தலையாட்டும். தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோலைத் தோளில் சுமந்த காலத்தில் அவரே சொல்லிக்கொண்டது இது. இப்போது அடுப்பை ஊதச் சொன்னால், அடுப்புதான் அவரை ஊதும்.

வேலூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இடது நுரையீரலில் புற்று. அறுத்து எடுக்க வேண்டும். ஆனால் மிச்சமிருக்கும் நுரையீரலுக்குத் தெம்பு வேண்டுமே! ரப்பர் குழாய் மாட்டிய இரண்டு பாட்டில் கொடுத்தனுப்பினார்கள். ஒன்றில் ஊதினால் அதிலுள்ள தண்ணீர் மற்றதற்குப் போகும். இரண்டாவதில் கட்டிய நூல்வரை ஏறினால் ஆபரேஷன். ஏறாவிட்டால் வீட்டிலேயே கிடந்து சாக வேண்டியதுதான்.

வெறும் தண்ணீர் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று, தோல் ஊறும் மரப்பட்டைத் தண்ணீரை ஷாப்பிலிருந்து வரவழைத்தார். டீ மாதிரி இருந்தது.

மகள் சுந்தரி ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள். தெருவில் யார் செருப்பு காணாமல் போனாலும் முதலில் அவள் பெயர்தான் அடிபடும்.

"நைனா, கொசுகூட உன்னைவிட நல்லா ஊதும்."

"வாயை மூடுடி, கழுதை!"

ஊதினார். முகம் கறுத்ததுதான் மிச்சம். தண்ணீர் நூலுக்கு வெகு கீழே நின்றது. குழாயைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். அன்று சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் அவர் இருமிக் குனிந்தபோது, சுந்தரி சொம்புத் தண்ணீரை இரண்டாவது பாட்டிலில் ஊற்றினாள். குறையாத முதல் பாட்டிலைப் பாவாடையால் மறைத்து உட்கார்ந்துகொண்டாள். விளையாட்டுக்குத்தான்.

நிமிர்ந்தவர் நூலைப் பார்த்தார். "பாத்தியாடி உங்க நைனாவை!" என்று கத்தினார். மறுசோறு கேட்டு வாங்கித் தின்றார்.

சோறு இறங்கியதைப் பார்த்த பிறகு விளையாட்டை நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. தினமும் ஊற்றினாள், வெளுத்துப்போன தண்ணீரை உடனே சாக்கடையில் கொட்டினாள். அவரோ, நூலைத்தான் தொட்டாச்சே என்று, வரவர ஒரே ஊதலோடு குழாயைச் சுருட்டி வைக்கத் தொடங்கினார்.

டாக்டர் முன்னால் ஊதிக் காட்ட வேலூருக்குப் புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம். கூட வேலை பார்த்த அமீர் பாஷா வாசலில் நின்று குரல் கொடுத்தார். பாய் போட ஓடினாள் சுந்தரி. பாட்டிலைக் கொட்ட மறந்துபோனாள்.

"பாரு தோஸ்த், நூலுக்கு மேல!" கோவிந்தராஜ் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

அமீர் பாஷா கண்ணைச் சுருக்கினார். "இன்னாப்பா இது, வெளுத்துக் கிடக்குது? நம்ம தொட்டியில இப்டி இருந்தா தோலு அழுகிப்பூடும்."

தொட்டித் தண்ணீரின் துவர்ப்பை நாக்கில் வைத்துப் பார்ப்பது ஷாப்பு வழக்கம். கோவிந்தராஜ் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். துவர்ப்பே இல்லை.

"கிணத்துத் தண்ணி," என்றார். "எப்பலேர்ந்துடி?"

"நீ சோறு துன்ன மாட்டேன்னியே, நைனா."

அவர் அடிக்கவில்லை. மூச்சு வாங்க இரண்டு தடவை நிறுத்திக் கேட்டார்:

"நாளைக்கு டாக்டரு முன்னாடி... எவடி வந்து... ஊத்துவா?"