பெர்னடெட் மிஸி திரைக்குப் பின்னால் சொன்னது

பெர்னடெட் மிஸிக்கு வெட்கம் என்பது வேலைக்கு வந்த முதல் வருடத்தோடு போய்விட்டது என்று குருநகர்ப் பெண்கள் சொல்வார்கள். இருபத்தெட்டு வருடமாகப் பிள்ளைப்பேறு பார்த்தவர். கலியாணம் கட்டாமல், ஒரு கறுத்தப் பையும் சைக்கிளுமாக ஒழுங்கைகளில் அலைந்தவர். பால் கட்டுவது, கருப்பை இறங்குவது எல்லாவற்றையும் மீன் விலை கேட்பதுபோலச் சத்தமாகவே பேசுவார். கரையில் ஷெல் விழத் தொடங்கிச் சனம் கோப்பாய்க்கு இடம்பெயர்ந்தபோது அவரும் கூடவே வந்தார். அங்கேயும் அதே பேச்சு, அதே வேலை.

ஒன்றைப் பற்றி மட்டும் அவருக்கும் வாய் வராது. ஆணும் பெண்ணும் பின்பக்கமாகச் சேர்வது. பயிற்சியில் அதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. பெண்களும் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததால் அப்படி ஒன்று நடப்பதில்லை என்றே அவர் வைத்துக்கொண்டார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆவணியில், கோப்பாய்க் கிளினிக்கில் பிள்ளைகளை நிறுக்கிற ஒரு காலை. மற்றப் பெண்கள் பாயில் இருக்க, ஸ்ரெல்லா மட்டும் சுவரோடு சாய்ந்து நின்றாள். நாலு பிள்ளைக்காரி, கடற்றொழிலாளி யாகப்புவின் மனைவி.

"இரடி, நிண்டு நிண்டு வேர் விடப்போறாய்," என்றாள் ஒருத்தி.

"உவள் மகாராணியெல்லோ! கதிரை போட்டால்தான் இருப்பாள்."

"மூலம் அக்கா," என்றாள் ஸ்ரெல்லா. "இருக்கேலாமல் கிடக்கு."

உடனே ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. கருணைக்கிழங்கு, மோர், துத்தி இலை. மிஸி ஸ்ரெல்லாவின் கையிலிருந்த குழந்தையை வாங்கினார். ஸ்ரெல்லாவின் கை பட்ட இடம் சுட்டது.

"எத்தினை நாளாக் காய்ச்சல்?"

"மூண்டு நாள்."

"உள்ளுக்கு வா."

பின்னறையில் படுக்கவைத்துப் பார்த்தார். மலவாசலுக்குப் பக்கத்தில் தேசிக்காய் அளவில் சிவந்த கட்டி. அதன் ஓரத்தில் பழைய வெடிப்பொன்று சீழ் வைத்திருந்தது. மூலம் இப்படி இராது. அதற்குமேல், அந்த இடத்தில், பல்வலிக்குப் பூசுகிற கராம்பெண்ணெய் மணத்தது.

"உனக்குப் பல்லு உங்கையோ கொதிக்குது?" என்று மிஸி வழக்கம்போலக் கேட்டுவிட்டார். ஸ்ரெல்லா முகத்தைச் சேலைக்குள் புதைத்து அழுதாள். மிஸிக்கு விளங்கியது. கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

"நாலாவதோடை ரத்தம் போனது உங்களுக்குத் தெரியும்தானே," என்றாள் ஸ்ரெல்லா. "இன்னொண்டு தங்கினால் உயிருக்கு மோசம் எண்டு டாக்குத்தர் சொன்னவர். நீங்கள் தாற கர்ப்பத்தடைக் குளிசையும் சாமான் தடையாலை இப்ப வாறேல்லை. உப்பிடி எண்டால் பிள்ளை தங்காது, கரைச்சலும் இல்லையெண்டு நினைச்சம். அவர் கெட்டவர் இல்லை, மிஸி. நோகுது எண்டால் விட்டிடுவார். விட்டால் பிறகு மற்றப் பக்கம் வருவாரோ எண்டு எனக்குப் பயம். அதுதான் தேங்காயெண்ணெயிலை கராம்பெண்ணெய் கலந்து பூசினனான். விறைச்சு நோவு தெரியாமல் போயிடும். அவருக்குத் தெரியாது."

கிழிகிறது என்று சொல்ல அந்த உடம்புக்கு இருந்த ஒரே வாய் நோவுதான். அதை அவளே அடைத்துவிட்டிருந்தாள்.

"இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

"மூலமெண்டு எழுதித் தாங்கோ. போறன்."

"அப்பிடி எழுதினால் களிம்பைத் தந்து விட்டிடுவினமடி. உள்ளுக்குச் சீழ் கட்டிக் கிடக்கு. ரத்தத்திலை ஏறினால் நீ தப்பமாட்டாய்."

"ஆஸ்பத்திரி வாட்டிலை கூட்டுற மனிசி எங்கடை கோயில் ஆள். பின்னேரத்துக்குள்ளை குருநகர்ச் சனம் எல்லாருக்கும் தெரிஞ்சிடும். செத்தாலும் நான் சொல்லன்." ஸ்ரெல்லா நிமிர்ந்து பார்த்தாள். "டாக்குத்தருக்கு நீங்கள் சொல்லுவியளோ?"

"ஓம்," என்றார் மிஸி. சொல்ல முடியுமா என்று அவருக்கே தெரியவில்லை.

மண்ணெண்ணெயில் ஓடும் மினிபஸ் பிடித்து யாழ்ப்பாணம் போனார்கள். வழிநெடுக மிஸி அந்த வசனத்தை மனதுக்குள் பலவிதமாகக் கட்டிப்பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. வாட்டில் தில்லைநாதன் என்ற இளம் டாக்குத்தர் கட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, "எப்பிடி வந்தது?" என்றார். ரெண்டு கட்டில் தள்ளி விளக்குமாறு அசைந்துகொண்டிருந்தது.

மிஸி திரையை இழுத்து மூடினார். "அது வந்து, ஐயா..." என்றவர், ஸ்ரெல்லாவின் கண்ணைப் பார்த்ததும் நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி உள்ளதை உள்ளபடி சொன்னார். பின்பக்கமாகச் சேர்ந்தது, எத்தனை மாதம், கராம்பெண்ணெய், ரத்தம் பட்டது. சொல்லி முடிய ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

டாக்குத்தர் தலை நிமிராமல் எழுதினார். "சொன்னது நல்லது, மிஸி. வெட்டித் திறக்கவேணும். குடலிலையும் கிழிஞ்சிருக்கோ எண்டு பாக்கிறன். இவவின்ரையும் புருசன்ரையும் ரத்தம் சோதிக்கவேணும்."

அன்று பின்னேரமே கட்டியைத் திறந்தார்கள். குடலுக்குச் சேதமில்லை. ரெண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. நாலாம் நாள் மிஸி யாகப்புவை உள்ளே கூப்பிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, திரையை இழுத்தார்.

"பிள்ளை வராதெண்டால் வேறை என்ன வரப்போகுது எண்டு நினைச்சிட்டன்," என்றான் அவன்.

"அந்த இடத்துத் தோல் சரியான மெல்லிசு. தானாய் நனையாது, லேசாய்க் கிழியும். மேகநோய், எயிட்ஸ், ஈரல் வருத்தம் எல்லாம் அதாலை கெதியா உள்ளுக்குப் போகும். நீ கொழும்புத் துறைமுகத்திலை வேலைக்கு நிண்ட காலத்திலை என்ன செய்தியோ, நான் கேக்கேல்லை. ரத்தத்தைக் குடு. விந்து வழிஞ்சு முன்னுக்குப் போனால் பிள்ளையும் தங்கும், தெரியுமோ?"

யாகப்பு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான்.

"செய்யிறதெண்டால் உறை போடவேணும், என்னட்டை இன்னும் கொஞ்சம் கிடக்கு. தேங்காயெண்ணெய் பட்டால் ரப்பர் இத்துப்போகும். தண்ணியிலை கரையிற ஜெலிதான் பூசலாம். அது இப்ப ஆஸ்பத்திரிக்கே வாறேல்லை, அப்ப அது வந்து, இவளின்ரை புண்ணும் ஆறும்வரைக்கும் பின்பக்கம் வேண்டாம். பின்னுக்குப் போட்ட உறையோடை முன்னுக்கு வரப்படாது. கழட்டி எறிஞ்சு, கழுவிப்போட்டுப் புதுசு போடு. விறைக்கிற சாமான் ஒண்டும் பூசப்படாது. நொந்தால் அந்த இடத்திலை நிப்பாட்டு. ரத்தமோ காய்ச்சலோ கண்டால் அண்டைக்கே வாங்கோ."

"இனிமேல் இவளைத் தொடமாட்டன், மிஸி."

"இஞ்சரப்பா, அப்பிடி ஆர் கேட்டது?" என்றாள் ஸ்ரெல்லா. "நோகுது எண்டால் நான் இனி மறைக்கமாட்டன். சொன்னால் கேளுங்கோ. அது காணும். ஆனால் இன்னொரு பிள்ளைக்கு நான் பயந்து பயந்து படுக்கமாட்டன்."

யாகப்பு தொப்பியைக் கையில் சுருட்டினான். "ஆம்பிளையளுக்கும் பிள்ளை நிப்பாட்ட ஒரு ஒப்பரேசன் இருக்காமெல்லோ, மிஸி?"

"இருக்கு. கால் மணித்தியாலம். ஒரு கிழமையிலை கடலுக்குப் போகலாம். ஆனால் சோதிச்சுச் சரியெண்டு சொல்லும்வரைக்கும் மூண்டு மாதம் உறை போடவேணும்."

"அப்ப என்ரை பேரை எழுதுங்கோ."

மிஸி பையிலிருந்து கடதாசி எடுத்து முழுப்பெயரைக் கேட்டார். யாகப்பு திரையை விலக்கி, கூட்டுகிற மனிசி எங்கே நிற்கிறாள் என்று பார்த்தான். பிறகு குனிந்து, மூச்சு மாதிரி, "சந்தியோகு யாகப்பு" என்றான்.

"மிஸிக்குக் கேக்கேல்லை," என்றாள் ஸ்ரெல்லா. "சத்தமாச் சொல்லுங்கோ."